கூரைக்குள் ஒரு முடிச்சு

“மைனஸ் போட்டியா, பாப்பா? அத விட்டுட்டா உங்க வீடு புது வீடாயிடும்!”

ஏணி மேலிருந்து பொறியாளர் கேட்டார். எங்கள் கான்கிரீட் கூரைக்குள் இருக்கும் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று அளக்க வந்திருந்தார். சாக்பீஸால் கட்டம் போட்டு, பஞ்சால் ஈரமாக்கி, கருவியை வைத்து எண் சொன்னார். நான் எழுதினேன். பள்ளியை விட்டு நின்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் எழுத்து வேலை அது.

மைனஸ் நானூறு. மைனஸ் நானூற்றிருபது. மைனஸில் எண் கூடக் கூடத் துரு அதிகம், முந்நூற்றைம்பதைத் தாண்டினாலே ஆபத்து என்றார். கூரை தேறாவிட்டால் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அடுப்புக்கு மேலிருந்த கட்டத்தில் மட்டும் மைனஸ் எண்பது வந்தது. மூன்று முறை அளந்துவிட்டு அந்த இடத்தைக் கொத்திப் பார்த்தார். கம்பி கடையிலிருந்து இறக்கியது போல் இருந்தது. கம்பிகளைச் சேர்த்துப் பிணைக்கும் கட்டுக்கம்பியை இடப்பக்கமாக முறுக்கியிருந்தார்கள்.

“எங்க நாத்தனாரோட கட்டு சார் இது,” அம்மா சிரித்தாள். “இடக்கைக்காரி. கம்பி கட்டுற வேலையில அஞ்சு ஆம்பளைங்க வேலைய ஒத்தையா முடிப்பா.”

அத்தை வேலைக்குக் கிளம்பும்போது என் பென்சிலைத்தான் கொண்டையில் செருகிக்கொள்வாள். அளவுக்குக் குறி போட்டுத் தேய்ந்து, சாயங்காலம் அது பாதியாகத் திரும்பி வரும்.

“அப்ப இந்தக் கூரைக்கு அவங்கதான் கம்பி கட்டினாங்களா?” என்று பொறியாளர் கேட்டார்.

அம்மாவின் சிரிப்பு நின்றது.

“இல்ல சார். அவ தவறி ரெண்டு வருஷம் கழிச்சுதான் கூரையே போட்டோம்.”

அவர் பக்கத்துக் கட்டத்தை மறுபடி அளந்தார். காலையில் மைனஸ் நானூறு இருந்த இடம் அது. இப்போது மைனஸ் எண்பது.

“நாங்க இங்கயே இருக்கலாமா சார்?” என்று அம்மா கேட்டாள்.

பொறியாளர் கருவியைப் பெட்டியில் வைத்தார். ஏணியை அங்கேயே விட்டுவிட்டு, வேகமாக வெளியே போனார்.