தம்பிக்கு இல்லாத துடக்கு

அன்றைக்கு வேட்டைத் திருவிழா. உபயம் செல்வராசா வீட்டாருடையது. ஆனால் செல்வராசா பிள்ளையார் கோயிலுக்குள் போகாமல் வாசலோடு நின்றுவிட்டார்.

சபைத் தலைவர் ஐயாத்துரை வெளியே வந்தார்.

"பூசைக்கு நேரமாகுது. ஏன் இஞ்சை நிக்கிறாய்?"

"துடக்கு அண்ணை. தம்பியை உள்ளுக்கு விட்டிருக்கிறன். அவன் தெர்ப்பை போட்டு நிக்கட்டும்."

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் ஒரு சாவென்றால் தீட்டு, முப்பத்தொரு நாளைக்குக் கோயில் இல்லைத்தான். ஆனால் அது கூடப்பிறந்த எல்லாருக்கும்தானே?

"தம்பிக்கு இல்லாத துடக்கு உனக்கு மட்டும் எங்கையிருந்து வந்தது?"

செல்வராசா உள்ளே போகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"போன கூட்டத்திலை என்னோடை வாய் காட்டினனீ. அந்தக் கோவத்தைப் பிள்ளையாரிலை காட்டுறியோ?"

"அப்பிடியில்லை அண்ணை."

"அப்ப ஆர் செத்தது? சொல்லன்."

கால் கழுவ வந்த சனமும் நின்று பார்த்தது. கடைசியில் செல்வராசாவின் மனைவி சாரங்காதான் வாய் திறந்தா.

"பாறூக் நானா மோசம் போயிட்டார். வியாழக்கிழமை அடக்கம்."

செட்டிகுளச் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்த, எல்லாரும் அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் பாறூக்கைத் தலைவருக்கும் தெரியும். குரல் கொஞ்சம் தணிந்தது.

"நல்ல மனுசன்தான். அதுக்கு? முஸ்லிம் ஆக்களே துடக்குப் பாக்கிறேல்லை. நீ ஏன் பாக்கிறாய்?"

"நாங்கள் இடம்பெயர்ந்து வரேக்கை தன்ரை வளவுக்குள்ளை கொட்டில் போட்டுத் தந்தவர், அண்ணை. அம்மா செத்தநேரம் தம்பி வெளிநாட்டிலை. நானாதான் என்னோடை சேர்ந்து பாடைக்குத் தோள் குடுத்தது. வியாழக்கிழமை அவரைத் தூக்கேக்கை நானும் தோள் குடுத்தன். குடுத்துப்போட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி உள்ளுக்கு வர மனம் ஏவேல்லை."

"சாத்திரத்திலை அப்பிடி ஒரு துடக்கு இல்லையடா."

உபயகாரரைக் காணவில்லையென்று ஐயரும் வாசலுக்கு வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்கோ இவனுக்கு" என்றார் தலைவர்.

ஐயர் செல்வராசாவின் பக்கம் திரும்பினார்.

"செல்வராசா, நீங்கள் வாசலிலையும் நிக்கக்கூடாது. கூடப்பிறந்தவரின்ரை துடக்கெல்லோ. வீட்டை போங்கோ. முப்பத்தொண்டு முடிய நானே வந்து கழிச்சு விடுறன்."