இருபத்து நான்கு கட்டங்கள்

முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது வாயில்.

மூன்றாவது அடிக்குத் தம்பி லேத் மெஷினில் மோதிக் கீழே சரிந்து, இரும்புச் சுருள்களின் நடுவே உட்கார்ந்தான். உள்ளங்கையில் ஏறிய சுருளைப் பிடுங்கிப் போடக்கூட அண்ணன் அவகாசம் கொடுக்கவில்லை. சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, மறுபடியும் அறைந்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். பட்டறையில் தடுக்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தம்பியை வரச் சொல்லியிருந்தான்.

அந்த லேத்தில் பதினெட்டு வருஷம் நின்றவன் அண்ணன். முதலாளி பட்டறையை மூடுகிறார். மெஷினை அவனுக்கே விலைக்குத் தருவதாகச் சொல்லி, நாளை மாலைவரை கெடு வைத்திருந்தார். தவறினால் பழைய இரும்புக் கடைக்காரர் லாரியோடு வந்துவிடுவார். வங்கிக் கடன் கைக்கு வந்த மாதிரிதான் என்று அண்ணன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறவனுக்கு நடையே மாறியிருந்தது.

காலையில் வங்கி அதிகாரி அவனுடைய கடன் அறிக்கையை மேஜையில் விரித்து, மூன்று கட்டங்களைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். தம்பியின் சரக்கு வண்டிக் கடனுக்கு அண்ணன் ஜாமீன் போட்டிருந்தான். தம்பி தவணை தவறினால் ஜாமீன் போட்டவனின் அறிக்கையிலும் அது ஏறுமாம். பிறகு அபராதத்தோடு கட்டித் தீர்த்தாலும் தவறியது தவறியதுதானாம். வருஷக்கணக்கில் அழியாதாம். பாடத்தை முடித்துவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எந்த மாதத்துத் தவணை என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

கேட்பானேன்? கையில்தான் காகிதம் இருக்கிறதே. இருபத்து நான்கு மாதத்துக்கு இருபத்து நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு எண். தவணை எத்தனை நாள் தாமதம் என்பதுதான் அந்த எண். மாதத்தின் பெயர்கள் பொடி எழுத்தில் மேலே இருந்தன. பிரிண்டரில் மை தீர்ந்துபோய் அவை வெளிறியிருந்தன. அதனால் என்ன, தலைமயிர் கனத்தில் பிசகு இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன், வரைபடம் படிக்கத் தெரியாதவர்களை நாள் முழுக்க ஏசுகிறவன், ஒரு வரிக் கட்டத்தை எண்ண மாட்டானா? பஸ்ஸில் உட்கார்ந்து இடது பக்கத்திலிருந்து எண்ணினான்.

பதினெட்டு கட்டம் சுத்தமான பூஜ்யம். பத்தொன்பதில் தொண்ணூறு. அப்புறம் அறுபது. அப்புறம் முப்பது.

கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்கு முன்னால். தம்பிக்குக் கல்யாணம் ஆன சமயம்.

அண்ணனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. புது மாப்பிள்ளை வண்டித் தவணையை எடுத்துப் பெண்டாட்டியோடு ஊர் சுற்றியிருக்கிறான். இங்கே ஒருத்தன் பதினெட்டு வருஷமாக எண்ணெய்ப் புகையை மூச்சாக விட்டுக்கொண்டிருக்கிறான்.

"என் பேரை வித்துத் தின்னுட்டியேடா. நாளைக்கு இந்த மெஷினும் இல்ல, நானும் இல்ல."

தம்பி கையைத் தூக்கித் தடுத்திருந்தால்கூட அண்ணன் கொஞ்சம் ஆறியிருப்பான். இது கல்லுளிமங்கன் மாதிரி நின்று வாங்கிக்கொண்டது. கண்மண் தெரியாமல் முழங்காலால் வயிற்றில் ஏற்றினான். தம்பி மடங்கி, ஒரு பல்லைத் துப்பினான். அதுவும் போதவில்லை அண்ணனுக்கு. லேத்தை இறுக்கும் கனத்த இரும்புச் சாவியை எடுத்து ஓங்கினான். இடது கையில் கசங்கியிருந்த அறிக்கையைத் தம்பியின் மூக்குக்கு நேரே பிடித்தான்.

தம்பி அதைப் பார்த்தான். ரத்தத்தோடு எச்சிலை விழுங்கினான்.

"நேத்து வரைக்கும் பாக்கியே இல்லாதவன், ஒரே மாசத்துல தொண்ணூறு நாள் பாக்கி வைக்க முடியுமாண்ணே? புது மாசம் முன்னாடி இருக்கும். அந்தப் பக்கத்துலேர்ந்து படி."

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது.

அண்ணன் வலது ஓரத்திலிருந்து படித்தான். மூன்று பூஜ்யம். முப்பது. அறுபது. தொண்ணூறு. அதற்கப்புறம் இந்த மாதம்வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அப்படியென்றால் இது கல்யாணத்துக்கு வெகு நாள் முன்னால். இன்றைக்கு ஒரு வருஷம் ஒன்பது மாதத்துக்கு முன்னால்.

அந்த மாதம் அவனுக்கு மறக்குமா? ஆஸ்பத்திரியில், முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்றார்கள். முதலாளி கொடுத்தார் என்று தம்பி சொன்னான். டீக்குக்கூடக் கணக்குப் பார்க்கிற முதலாளி. அந்த நன்றிக்காக அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் வந்து நின்றான் அண்ணன்.

முன்பணம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். வண்டியின் மூன்று தவணை எவ்வளவு என்றும் தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

சாவியைக் கீழே போடப் பார்த்தான். அது விழவில்லை.

அன்று இதே லேத் அறுத்துப் போட்டு, டாக்டர்கள் திரும்ப ஒட்டித் தைத்த இரண்டு விரல்கள். எதையாவது இறுக்கிப் பிடித்தால் மடங்கும். தானாக விரியாது.

தம்பி வாயைத் தோளில் துடைத்துக்கொண்டான். அண்ணனின் கையை மெதுவாகக் கீழே இறக்கி, கட்டுப் பிரித்த காலத்தில் தினமும் காலையில் செய்தது போலவே, அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் நிமிர்த்திவிட்டான்.