ஊசி படாத தட்டு

“அம்புட்டையும் ஒரே ஆளு வாங்கிட்டுப் போயிட்டாரு, டீச்சர்” என்றார் கடைக்காரர் சீனிவாசகம். “முப்பத்தெட்டு தட்டு. ஒண்ணு மிச்சமில்ல.”

ஞானஜோதி டீச்சரால் நம்ப முடியவில்லை. விருதுநகர் பஜாரில் இருந்த அந்தக் கடையின் பரணில் பன்னிரண்டு வருஷமாகத் தூசி தின்றுகொண்டு கிடந்த இசைத்தட்டுகள் அவை. சீண்ட ஆளில்லாத பாட்டு. பாடியவள் அவள்தான்.

1951இல் சென்னைக்குப் போய் ஒரே ஒரு தட்டுக்குப் பாடிக் கொடுத்தாள். கம்பெனி இருநூறு அடித்தது, இருபதுகூட விற்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். ஊர் அந்தப் பாட்டை மறந்தது. அவள் மறக்கவில்லை.

இப்போது பேசுவதே கஷ்டம். தொண்டையில் புற்று. கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிது என்று மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார். பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டில் இருந்த கடைசித் தட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும், தான் போன பிறகும் தன் குரல் எங்காவது இருக்க வேண்டும். அந்த ஒரு கவலைதான் அவளுக்கு. அதையும் பரணிலேயே சேர்த்து வைக்கச் சொல்லிக் கேட்கத்தான் கடைக்கு வந்திருந்தாள்.

“யாரு வாங்கினது?” குரல் எழும்பவில்லை. காற்றுதான் வந்தது.

“திருத்தங்கல் சங்கிலிமுத்து. வெடிக் கம்பெனில மருந்து கலக்குறவரு. நல்லா ஓடின பாட்டெல்லாம் பாதி வெலைக்குத் தாரேன்னேன். நாலு பேரு கேட்ட தட்டு எனக்கு எதுக்குன்னுட்டாரு. இதுக்காக மதுரை, கோவில்பட்டின்னு அலையுறாராம். ரசிகர்னா அவருதான் டீச்சர் ரசிகர்.”

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று இத்தனை வருஷமாக ஊரைத் திட்டித் தீர்த்தவள் அவள். வாசனை தெரிந்த ஒரு மனுஷன் பதினைந்து மைலில் இருந்திருக்கிறார். சங்கிலிமுத்து வேலை பார்க்கும் கம்பெனிக்கு வழி கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். தட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அரக்குத் தட்டு, விழுந்தால் அப்பளமாக நொறுங்கிவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. கம்பெனியில் எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். முழங்கை வரை அலுமினியப் பொடி மின்ன, சங்கிலிமுத்து வெளியே வந்தார்.

“வாங்க தாயி. செருப்பை அங்கனயே விட்டுருங்க, மருந்து இருக்கிற எடம்.”

கொட்டகையில் கிராமபோன் தென்படுகிறதா என்று டீச்சர் பார்த்தாள். இல்லை. மருந்து இருக்கும் இடத்தில் யார் பாட்டுப் போடுவார்கள், வீட்டில் வைத்திருப்பார் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உள்ளே யாரோ உரலில் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் துண்டைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்தது. கையை வேட்டியில் துடைத்துவிட்டு, பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார்.

“அதே மஞ்ச லேபிள். இன்னும் ஒண்ணு சிக்காதான்னு பதினஞ்சு நாளாத் தேடுறேன் தாயி. எத்தனையோ தட்டு பாத்தாச்சு. இதுக்கு ஈடா ஒண்ணும் வாய்க்கல.”

இந்த வார்த்தைக்குத்தான் அவள் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாள். பாடியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு சொன்னால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டாள்.

“நீங்களே வச்சுக்கோங்க. காசு வேண்டாம்” என்றாள். “எனக்கு அப்புறம் இதுக்கு ஆளில்ல.”

“ஊசி வச்சுப் போட்டிருக்கீகளா?”

“ஒரு தடவகூட இல்ல. தேயக் கூடாதுன்னே எடுத்து வச்சேன்.”

“நல்ல காரியம் செஞ்சீக. ஊசி ஓடுனா கோட்டுக்குள்ள இரும்புப் பொடி ஏறிக் கெட்டுரும்.”

டீச்சர் தலையாட்டினாள். இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவர் கையில் கொடுத்தாயிற்று, இனி நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று நினைத்தாள். கிளம்பும் முன்பு ஒன்றே ஒன்று மட்டும் அவர் வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது.

“உங்களுக்கு எதனால இது இம்புட்டுப் பிடிச்சிருச்சு?”

சங்கிலிமுத்து தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. திருப்தியாகச் சிரித்துக்கொண்டே அதை முழங்காலில் வைத்து இரண்டாக, பிறகு நான்காக உடைத்து, உள்ளே உரல் இடித்துக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் நீட்டிய முறத்தில் போட்டார்.

“யாருமே கேக்காத தட்டோட அரக்குதான் தாயி, பச்சை மத்தாப்புக்குச் சுத்தமா எரியும்.”