வற்றாத அருவிக்கு மூன்று வழிகள்

"மூணு வழி இருக்கு சார். ஒண்ணு கஷ்டம், இன்னொண்ணு ரொம்பக் கஷ்டம். மூணாவது வழியில போனவங்க யாரும் திரும்பி வந்து எப்படி இருந்துச்சுன்னு இன்னும் சொல்லல!"

சொல்லிவிட்டு வழிகாட்டி தானே சிரித்துக்கொண்டார். எதிரே நின்ற தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. தோளில் கனமான பை, கையில் ஆளுயர இரும்புக் கம்பி.

"எது சீக்கிரம் போகும்? ஆபீஸ்லேர்ந்து வர்றேன், உங்க மனு விஷயமா. இன்னிக்கே பார்த்து முடிச்சுடணும்."

மனு! வழிகாட்டி அங்கேயே ஓரடி வளர்ந்துவிட்டார்.

மனுப் போடுவதில் அவர் சூரர். தெருவிளக்குக்கு, பஸ்ஸுக்கு, குழாய்த் தண்ணீருக்கு, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் நேரத்தை முறைப்படுத்துவதற்கு என்று அவர் அனுப்பிய மனுக்களை வரிசையாக ஒட்டினால் கடற்கரைக்கு நாலாவதாக ஒரு வழியே போட்டுவிடலாம். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. போன மாதம் அனுப்பியதுதான் உயிர்நாடி. மலைக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகிடக்கும் கடற்கரையையும், அதில் விழும் அருவியையும் சுற்றுலா வரைபடத்தில் சேர்க்க வேண்டும் என்ற மனு. சேர்த்தால் கூட்டம் அள்ளும். சேர்க்காவிட்டால் மச்சானின் பிளாஸ்டிக் கடையில் பக்கெட் விற்கப் போக வேண்டும். மனைவி கெடு வைத்துவிட்டாள்; இந்த மாதக் கடைசி.

"ரொம்பக் கஷ்டமான வழியிலேயே போவோம் சார். அதுலதான் அழகு ஜாஸ்தி!"

வழி செங்குத்தாக ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு கால் வைக்க இடம். இன்னொரு காலைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். தொப்பிக்காரர் அசரவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, கம்பியைத் தரையில் ஊன்றி, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன சார் கேக்குறீங்க? பூமியோட நாடித் துடிப்பா?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

ஆகா, ரசிகர்! வழிகாட்டிக்குப் புல்லரித்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, டிரம்முல கடைசி ரெண்டு சொம்பு தண்ணிதான் இருக்கு. நான் குளிக்கட்டுமா, சோறு வைக்கட்டுமா?"

"ரெண்டுல எது வாசனையா இருக்குமோ அதைச் செய்! பெரிய அதிகாரி வந்திருக்கார். இன்னியோட நம்ம தலையெழுத்தே மாறப்போகுது, வை போனை!"

கடைசி வளைவில் இறங்கியதும் கடற்கரை தெரிந்தது. இரண்டு போர்வை விரிக்கிற அளவு மணல். அதன் மேல் பாறை உச்சியிலிருந்து அருவி கொட்டியது. உயரம் நாலு ஆள். வழிகாட்டியின் வாயில் நாற்பது.

தொப்பிக்காரர் நோட்டை எடுத்தார். "எவ்வளவு காலமா விழுது?"

"ராஜா காலத்துலேர்ந்து சார்!"

"சரியாச் சொல்லுங்க."

"நான் கண்டுபிடிச்சுப் பதினோரு வருஷம். அதுக்கு முன்னாடி எவன் கண்ணுலயும் படல."

"பதினொண்ணு. கணக்கு சரியா இருக்கு. கோடையில குறையுமா?"

"குறையறதா! ஊரே காய்ஞ்சு கருவாடா கிடக்கும், இது மட்டும் இதே வேகத்துல விழும். ராத்திரி பகல், ஞாயித்துக்கிழமை, எதுக்கும் லீவு கிடையாது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எட்டு பக்கெட் சார்! பத்துன்னே எழுதிக்குங்க."

தொப்பிக்காரர் பத்து என்றே எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்தார். "லேசா மருந்து வாசனை வருதே?"

"மூலிகை சார்! மேல காடு பூராவும் மூலிகை. இதுல ஒரு தரம் குளிச்சா உடம்புல ஒரு கிருமி தங்காது."

"தங்காது, தங்காது" என்று அவரும் மனதார ஒத்துக்கொண்டார்.

வழிகாட்டிக்குப் பொறுக்கவில்லை. "சார், என் மனுவுக்கு ஒரு நல்ல முடிவு..?"

"பத்து நிமிஷம் குடுங்க."

பையோடு பாறையில் ஏறிப் புதருக்குள் மறைந்தார். படம் எடுக்கப் போகிறார் என்று நினைத்த வழிகாட்டி, அருவிக்குப் பக்கத்தில் போய் நின்று தலையை வாரிக்கொண்டார். மேலே ஏதோ கிரீச்சிட்டது. அருவி கயிறாகியது. கயிறு நூலாகியது. நூலும் அறுந்து, வழிகாட்டியின் வாரிய தலையில் கடைசியாக ஒரே ஒரு சொட்டு விழுந்தது.

போன் அடித்தது.

"ஏங்க! குழாயில தண்ணி! பதினோரு வருஷம் கழிச்சுப் பீச்சியடிக்குது! தெருவே ஆடிக்கிட்டு இருக்கு! இனிமே எங்க அண்ணன் கடையில எவன் பக்கெட் வாங்குவான்?"

கையைத் துடைத்தபடி இறங்கி வந்த தொப்பிக்காரர், முழ நீள ஸ்பேனரைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ஊருக்குத் தண்ணி போற பெரிய குழாயில ஒரு வால்வு. யாரோ திறந்துட்டு மூட மறந்திருக்காங்க. குடிநீர் ஆபீஸுக்கு நீங்க போட்ட நாப்பத்து மூணாவது மனு சார் இது. 'குறை தீர்ந்தது, முழுத் திருப்தி'ன்னு எழுதி ஒரு கையெழுத்து போடுங்க."