அசையாத புள்ளி

மார்ச் 12, செவ்வாய். பிஷ்கேக், கிர்கிஸ்தான். செயலி வடிவமைப்பு மாலை வகுப்பு தொடங்குவதற்கு முன்.

இன்று செய்த சிறு தவறு: பயனரிடம் கேட்பதற்கு முன்பே, செயலியில் பிழை என்று குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

எங்கள் செயலியில் குடும்ப வரைபடம் என்று ஒன்று உண்டு. இருட்டிய பின் தனியாக வரும் பெண் எங்கே இருக்கிறாள் என்று வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும் என்று செய்தோம். நாங்கள் செய்த வேறு எதையும் மக்கள் இவ்வளவு விரும்பியதில்லை.

தினமும் திறந்து பார்ப்பவர்கள் மாமியார்கள். பட்டப்பகலில்.

சில மருமகள்களின் புள்ளி மதியங்களில் அசையாமல் நின்றது. ஜிபிஎஸ் கோளாறு என்று நினைத்தேன். அனுப்பிய பிறகுதான் அவர்களில் ஒருத்தியான புருல்சாவை அழைத்தேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரிப்பேரெல்லாம் இல்லக்கா. அத்தை சந்தைக் கடையில உக்காந்து போன்ல என்னையே பாத்துட்டு இருப்பாங்க. நான் போனை மாவு மூட்டைக்குள்ள சொருகிட்டு எங்கம்மாகிட்ட ஓடிட்டு வருவேன். அம்மாவுக்குப் பக்கவாதம். கட்டிக் குடுத்தவ சும்மா சும்மா பொறந்த வீட்டுக்குப் போகக்கூடாதாம். தயவுசெஞ்சு சரி பண்ணிடாதீங்க."

அதற்குள் என் குறிப்பை எங்கள் குழுத் தலைவர் குபாத் படித்துவிட்டார். கொழுப்பு வழியும் ஆட்டிறைச்சிச் சம்சாவோடு என் மேசைக்கு வந்தார்.

"பலே தங்கச்சி! இது கோளாறு இல்ல, போனை வீட்டுல போட்டுட்டு ஊர் சுத்துறாளுங்க, புரியுதா? அரை மணி நேரம் அசையலன்னா மாமியாருக்கு மணி அடிக்கணும். காசு குடுத்து வாங்குவாங்க பாரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். 

அவர் சுட்டிக்காட்டிய இடத்தில், என் திரையில், ஆட்டுக்கொழுப்பு ஒட்டியிருந்தது. துடைத்தேன். பரவியது.

பயனர் யார் என்று முதலில் கேளுங்கள் என்பார்கள் வகுப்பில். வரைபடத்தைப் பார்ப்பவரா, வரைபடத்தில் இருப்பவரா? இந்தக் கேள்வி இன்றுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை நாள் என்ன படித்தேன் என்று தெரியவில்லை.

மணி அடிக்கும் வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். மறுத்தால் வேறொருவர் செய்வார், நன்றாகவே செய்வார்.

நாளைய வேலை: மணி அடிக்கும் நிரலை குபாத் சொன்னபடியே எழுதி முடிப்பது.

கூடவே, யாரிடமும் சொல்லாமல், நிற்கும் புள்ளியைத் தானாக நடக்கவைப்பது. அடுப்படியிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து குழாயடி, மறுபடி அடுப்படி. நடை வேகம் சரியாக வருமா என்று சந்தேகம். வாளியோடு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். பிறகு அதை இயக்கும் விதத்தைப் புருல்சாவிடம் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அவள் சொல்லிக்கொள்வாள்.

என் மாமியாரும் நேற்று அந்த வரைபடத்தைத் திறந்துவிட்டார். நான் வகுப்பில் சேர்ந்தது அவருக்குத் தெரியாது.

என் கைபேசி இப்போது அலுவலக இழுப்பறையில் கிடக்கிறது. புள்ளியை நடக்கவைக்கும் முதல் சோதனை அதில்தான்.