பாறு அமர்ந்த பாறை

செங்குத்துப் பாறையில் பாதிக்கு மேல் ஏறி, ஒரு திட்டில் கையூன்றித் தலையை உயர்த்தியபோது எழில்மதி பாறுக்கழுகை நேருக்கு நேர் பார்த்தாள். அழிந்துவரும் அந்தப் பறவைக்காகத்தான் பாறையின் மறுபக்கத்தை வனத்துறை மூடியிருந்தது. இந்தப் பக்கம் கூடே இல்லையென்று வாதாடி, மலையேறுகிறவர்கள் இப்போதுதான் அனுமதி வாங்கியிருந்தார்கள். பறவை அசையவில்லை. அதன் அடியில் ஒரு முட்டை தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு வந்த வழியே இறங்கினாள்.

கீழே அவள் கயிற்றைப் பிடித்திருந்த ஜெரால்டிடம் பார்த்ததைச் சொன்னாள். அவன் பதறினான்.

“வெளிய சொல்லிடாத. தெரிஞ்சா இதையும் மூடிருவாங்க.”

“நாளைக்கு வேற ஆளுங்க ஏறுறாங்க. தெரியாம அது மேலயே கைய வெச்சிருவாங்கடா.”

அவன் கயிற்றைச் சுருட்டினான். அவள் வனக்காவலர் நஞ்சப்பனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அன்று மாலையே பாதையை முள்வேலி அடைத்தது. அதன்பின் ஜெரால்டு அவள் அழைப்பை எடுக்கவேயில்லை. மற்றவர்களும் எந்த மலைக்கும் அவளைக் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் தனியாக வந்து வேலியோரம் நின்றாள்.

“குஞ்சு பொரிச்சிருச்சாண்ணே?”

காவலுக்கு நின்ற நஞ்சப்பன் தலையை ஆட்டினார். “இல்லைங்கம்மா. நீங்க எறங்குன அன்னிக்கே பறந்துபோயிருச்சு. திரும்பி வரவேயில்ல. முட்டையக் காக்கா கொத்திருச்சு.”

அழப்போகிறோம் என்றுதான் எழில்மதி நினைத்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“அப்ப பாறையத் தெறந்துருவாங்களாண்ணே?”