முதல் பரிசு மரம்

"கார்ல விட்டா வெயில்ல வெந்துடுங்க. வீட்டுல விட்டிருந்தா பக்கத்து வீட்டு ஆன்ட்டி மொட்டை அடிச்சிருப்பாங்க!"

ஹூஸ்டன் போன்சாய் கண்காட்சிக்குள் தன் செடித் தொட்டியோடு நுழைந்த பவளம், காலியாக இருந்த மேஜையில் அதை வைத்தாள்.

கணவர் ஆவுடையப்பனுக்கு மானமே போயிற்று. பதினோரு வருடம் கம்பி சுற்றி, கோபுரம் மாதிரி நிமிர்த்திய அவருடைய ஜூனிப்பர் குட்டைமரம் பக்கத்து மேஜையில்தான் இருந்தது.

நடுவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். "அழகுதான். ஆனால் பழைய பாணி. ஜப்பானிலேயே இப்போது மாறிவிட்டார்கள். மனிதன் கை பட்டதே தெரியக்கூடாது."

அடுத்த மேஜைக்குப் போனவர் அசந்து நின்றார். ஒரு பக்கம் வெறும் கிளை, மறுபக்கம் அடர்ந்த பச்சை.

"இதுதான் புதுப் பாணி! முதல் பரிசு!"

"சார், அது போன்சாயே இல்ல சார்!" ஆவுடையப்பனின் அலறல் கைதட்டலில் அமுங்கிவிட்டது.

நடுவர் மைக்கை நீட்டினார். "இந்தப் பக்கத்தை மட்டும் வெறுமையாக்க எப்படித் தோன்றியது?"

பவளம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அதுதாங்க அடுப்புப் பக்கம். ரசம் தாளிக்கிறப்போ கறிவேப்பிலை கைக்கு எட்டும்."